குழாய்க் கொட்டகை நாட்குறிப்பு, 2023

மே 7

நேற்று கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் காட்டுத்தீ காரணமாக அவசரநிலை அறிவித்தது. நான் மூன்று நாளாகக் கொட்டகையிலேயே இருக்கிறேன். தீக்களத்திலிருந்து திரும்பும் குழாய்களைக் கழுவி, அழுத்தம் கொடுத்து ஓட்டை பார்த்து, உலர்த்திச் சுருட்டி மறுபடி அனுப்புவது என் வேலை. இந்த மூன்று நாளில் உலர்த்தவே நேரம் கிடைக்கவில்லை. ஈரத்தோடு சுருட்டி அனுப்புகிறோம்.

பனி உருகி அதிக நாள் ஆகவில்லை. போன ஆண்டின் புல் காய்ந்து படுத்துக் கிடக்கிறது. பாப்ளர் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை, அதனால் தரையில் நிழலே இல்லை. ஊசியிலை மரங்களின் இலைகளில் ஈரம் மிகவும் குறைந்திருப்பதும் இந்தச் சில வாரங்களில்தான். ஸ்லேவ் லேக் எரிந்தது 2011 மே மாதத்தில். ஃபோர்ட் மெக்முர்ரே எரிந்தது 2016 மே மாதத்தில். கோடை வந்தால்தான் தீ வரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மே 12

வின்னிபெக்கில் உள்ள தேசியக் காட்டுத்தீ ஒருங்கிணைப்பு மையம் நேற்று ஆயத்தநிலையை 5க்கு உயர்த்திவிட்டது. அதற்கு மேல் படி கிடையாது. நாட்டுக்குள் ஒரு மாகாணம் இன்னொரு மாகாணத்துக்குக் கொடுக்க ஆளும் இல்லை, விமானமும் இல்லை, இனி வெளிநாடுகளைக் கேட்க வேண்டும் என்று பொருள். மே மாதம் பாதி ஆவதற்குள் இந்த நிலைக்கு வந்ததை இங்கே யாரும் பார்த்ததில்லை.

இந்த மையம் தொடங்கியது 1982இல். அதே ஆண்டில்தான் கனடாவும் அமெரிக்காவும் காட்டுத்தீயில் ஒருவருக்கொருவர் ஆளும் கருவியும் கொடுத்துக்கொள்ள உடன்பாடு செய்துகொண்டன. உதவி கேட்கும் பக்கம் செலவை ஏற்கிறது. நாற்பது ஆண்டுகளாக எந்த ஆரவாரமும் இல்லாமல் நடக்கிற காரியம் இது. நெருக்கடி வந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிற ஒப்பந்தமாக இருந்திருந்தால் இந்த வாரம் யாரும் எல்லையைத் தாண்டி வந்திருக்க முடியாது.

மே 25

ஆஸ்திரேலியர்கள் வந்திருக்கிறார்கள். முதல் பாடம் கரடி பற்றியது. இடுப்பில் கரடி ஸ்பிரே எப்படி மாட்டுவது, எவ்வளவு தூரத்தில் அடிப்பது என்று அரை மணி நேரம். கவனமாகக் கேட்டார்கள். இரண்டாவது பாடம் கறுப்பு ஸ்புரூஸ் மரம். கிளைகள் தரைவரை தொங்கும். தரையில் ஊரும் தீ அதைப் பிடித்து ஏணியில் ஏறுவதுபோல உச்சிக்குப் போய்விடும். அவர்கள் ஊர் யூக்கலிப்டஸ் பட்டையாக உரிந்து, எரிந்துகொண்டே காற்றில் வெகுதூரம் பறந்துபோய் விழும். மரம் வேறு, மண் வேறு. ஆனாலும் "கட்டளை அதிகாரி யார், எங்கள் பிரிவு எது, பின்வாங்கும் வழி எது?" என்று அவர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் எங்கள் பலகையில் பதில் தயாராக இருந்தது. 1970இல் கலிஃபோர்னியா எரிந்தபோது ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மொழி பேசித் தடுமாறியது. அதன் பிறகு அங்கே உருவாக்கிய பொதுக் கட்டளை முறையைத்தான் இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. ஒரே பதவிப் பெயர், ஒரே படிவம். படிவம் என்றால் சலித்துக்கொள்கிற ஆள் நான். அன்று மட்டும் அந்தக் காகிதத்தை நன்றியோடு பார்த்தேன்.

அவர்களுடைய குழுத் தலைவரிடம் 2020 ஜனவரி பற்றிக் கேட்டேன். நியூ சவுத் வேல்ஸில் கூமாவுக்கு அருகே தீயணைப்பு விமானம் விழுந்து மூன்று அமெரிக்கர்கள் இறந்த மாதம் அது. கனடாவும் முதல் முறையாகத் தன் ஆட்களை அங்கே அனுப்பியிருந்த பருவம். "அந்தக் கடன் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 31

இன்று பட்ட எரிச்சலை எழுதியே ஆக வேண்டும். எங்கள் காட்டுக் குழாய்களின் முனையில் மரை கிடையாது. இரண்டு முனைகளைச் சேர்த்துக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். குளிரில், கையுறையோடு, இருட்டிலும் செய்யலாம். அமெரிக்கக் குழுவின் குழாய்களில் மரை இருக்கிறது. இரண்டையும் சேர்க்க உள்ளங்கையில் அடங்கும் ஓர் இணைப்புத் துண்டு வேண்டும்: ஒரு பக்கம் மரை, மறுபக்கம் கொக்கி, நடுவே ரப்பர் வளையம். நான் கேட்டிருந்த பெட்டி காலையில் வந்தது. திறந்தால் வேறு அளவு. அரை நாள் பம்பு சும்மா நின்றது. எல்லை தாண்டி வந்த இருபது பேர், ஓடைக்கரையில், தண்ணீர் இருந்தும் அடிக்க வழியில்லாமல் கையால் தடுப்புக்கோடு வெட்டினார்கள். மாலையில் பழைய பெட்டிகளைக் கிளறிப் பதினொரு துண்டுகள் தேடி எடுத்தேன்.

எத்தனை நாடுகளிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று செய்திகள் எண்ணுகின்றன. இந்தத் துண்டுகளையும் யாராவது பனிக்காலத்திலேயே எண்ணி வைக்க வேண்டும்.

ஜூன் 8

தென்னாப்பிரிக்கர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் இந்த வாரம் எட்மன்டனில் இறங்கினார்கள். விமான நிலையத்திலேயே பாட்டும் ஆட்டமும். அந்தக் காணொளியை எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு 2016 நினைவுக்கு வருகிறது. ஃபோர்ட் மெக்முர்ரே தீக்கு வந்த அவர்கள் நாட்டுக் குழு, கூலித் தகராறில் வேலையை நிறுத்திவிட்டுச் சீக்கிரமே திரும்பிப் போனது. பாட்டைப் பாராட்டுவதற்கு முன்னால் சம்பளத்தைச் சரியாகப் பேசி முடிக்க வேண்டும். அவர்களுடைய புல்வெளிப் பகுதிகளில் வறண்ட குளிர்காலம்தான் தீப்பருவம்; அது இப்போதுதான் தொடங்குகிறது. தங்கள் வீட்டுக்குத் தீ வரும் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

டொராண்டோவிலிருந்து அம்மா கூப்பிட்டார். "தம்பி, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. நீ அந்தப் புகைக்குள்ளா இருக்கிறாய்?" அது கியூபெக்கின் புகை அம்மா, என்னுடையது வேறு என்று விளக்கினேன். நியூயார்க் வானம் நேற்று ஆரஞ்சு நிறமாகிவிட்டது. புகைக்கு எல்லை தெரியாது என்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ஆரஞ்சுப் படத்துக்கு முன்பே அமெரிக்கக் குழுக்கள் இங்கே வேலையில் இருந்தன என்பதையும் யாராவது சொல்லலாம்.

ஜூன் 10

எட்சன் ஊரை நேற்றிரவு மறுபடி காலி செய்தார்கள். ஐந்து வாரத்தில் இரண்டாவது முறை.

ஜூன் 21

குழாய் கொண்டுபோன சாக்கில் களத்துக்கே போனேன். தீ தாண்டிப்போன கரிநிலத்தில் தென்னாப்பிரிக்கக் குழு வரிசையாக மண்டியிட்டிருந்தது. கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே அணைத்தாற்போல் பிடித்து, பிறகு மெல்ல உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். உள்ளங்கையைவிடப் புறங்கை சூட்டைச் சீக்கிரம் உணரும். சூடு தெரிந்தால் தோண்டுவது, தண்ணீர் ஊற்றுவது, கிளறுவது, மறுபடி கை வைப்பது. ஒரு பெண் என் கையைப் பிடித்து ஒரு குழிக்குள் விட்டார். மேலே குளிர்ந்த சாம்பல். நான்கு விரற்கடை ஆழத்தில் இட்லிக்கொப்பரை மூடியைத் தொட்டதுபோல் சுட்டது. கரிப்பாசி மண் (மக்கிய பாசியும் செடியும் சேர்ந்த, தானே எரியக்கூடிய மண்) இப்படித்தான், புகையே காட்டாமல் அடியில் எரிந்துகொண்டிருக்கும். பனிக்காலம் முழுவதும் தாங்கி அடுத்த வசந்தத்தில் எழுந்துவருவதும் உண்டு. விமானமும் ஹெலிகாப்டரும் செய்ய முடியாத வேலை இது. இதற்குக் கைகள்தான் வேண்டும், நிறையக் கைகள்.

ஜூன் 28

1989இல் எரிந்த 76 லட்சம் ஹெக்டேர்தான் நாட்டின் பழைய உச்சம். அதைத் தாண்டியாகிவிட்டது. கோடையின் பெரும்பகுதி இனிமேல்தான்.

முகாம் பலகையில் வானிலைத் தாள் ஒட்டுகிறவர் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். காற்றின் ஈரப்பத எண் வெப்ப எண்ணுக்குக் கீழே இறங்கினால் அன்று கவனம்: 30 டிகிரி வெப்பம், ஈரப்பதம் 25 சதவீதம் என்பதுபோல. அதோடு காற்றும் சேர்ந்தால் முன்னணியில் ஆள் நிறுத்தக் கூடாது. தாளின் அடியில் இன்னொரு எண் இருக்கிறது, வறட்சிக் குறியீடு. மேலே கிடக்கும் சருகின் ஈரம் ஒரு மழையில் மாறிவிடும். ஆழத்து மண்ணின் ஈரத்தைச் சொல்லும் இந்த எண் வாரக்கணக்கில் மெதுவாகத்தான் அசையும். நேற்று நல்ல மழை. எல்லோரும் தார்ப்பாய்க்கு வெளியே வந்து நனைந்தார்கள். அந்த எண் கொஞ்சமும் இரங்கவில்லை.

ஜூலை 15

பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரம் விழுந்து ஓர் இளம் தீயணைப்பாளர் இறந்துவிட்டார். காலைக் கூட்டத்தில் நான்கு நாட்டுக்காரர்களும் தொப்பியைக் கழற்றி நின்றோம். அதற்குமேல் இன்று எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 19

வடமேற்கு நிலப்பகுதியின் தலைநகர் யெல்லோநைஃப் காலியாகிவிட்டது. ஏறத்தாழ 20,000 பேர், நேற்று நண்பகல்தான் கெடு. தெற்கே வர ஒரே நெடுஞ்சாலை. மறுபக்கம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெஸ்ட் கெலோனாவில் தீ ஒகனாகன் ஏரியைத் தாண்டி எதிர்க்கரையில் விழுந்திருக்கிறது. பத்து நாளுக்கு முன்னால்தான் ஹவாயின் மௌயி தீவில் லஹைனா நகரம் எரிந்தது. இன்று கிரீஸில் அலெக்ஸாண்ட்ரூபோலி பக்கம் புதிய தீ.

எங்களிடமிருந்து ஒரு குழுவும் நாற்பது பெட்டிக் குழாயும் வடக்கே கேட்டார்கள். குழு இருக்கிறது. குழாய் இருபத்தாறு பெட்டிதான். கொடுக்க மனமிருந்தும் கொடுக்க இல்லாமல் போவது எப்படியென்று இன்றுதான் எனக்குப் புரிந்தது. உலகின் வடபாதியும் தென்பாதியும் மாறி மாறி எரிந்தவரை இந்த ஏற்பாடு அழகாக ஓடியது. பருவங்கள் நீண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? தீக்காலத்துக்கு மட்டும் ஆள் எடுத்து, முடிந்ததும் அனுப்பிவிடும் பழக்கத்தை எல்லா நாடுகளும் விட வேண்டும். இதை உரக்கச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

செப்டம்பர் 10

120 நாள் கழித்து ஆயத்தநிலை 5இலிருந்து இறங்கியிருக்கிறது. குழாய்களை முதல் முறையாக முழுதாக உலர்த்துகிறேன்.

செப்டம்பர் 21

ஆஸ்திரேலியாவுக்குப் பெரும்பாலும் வெப்பமும் வறட்சியும் கொண்டுவரும் எல் நினோ தொடங்கிவிட்டது என்று ஆஸ்திரேலிய வானிலைத் துறை நேற்று முன்தினம் அறிவித்தது. இங்கே இருக்கும் கடைசி ஆஸ்திரேலியக் குழு நாளை புறப்படுகிறது. கியூபெக்கின் தண்ணீர் விமானங்களும் லாஸ் ஏஞ்சலஸ் போகும் காலம் இது. 1994 முதல் ஆண்டுதோறும் போகின்றன. ஏரியை உரசிக்கொண்டே பறந்து பன்னிரண்டு விநாடியில் ஆறாயிரம் லிட்டருக்குமேல் அள்ளும் விமானங்கள்.

இணைப்புத் துண்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன். அறுபது வெளியே போயிருந்தன, ஐம்பத்துமூன்று திரும்பின. ரப்பர் வளையங்களை மாற்றி, அளவைப் பெட்டியின் நான்கு பக்கத்திலும் எழுதியாயிற்று. ஆஸ்திரேலியக் குழுத் தலைவர் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "டிசம்பரில் எங்களுக்கு இப்படி ஓர் ஆள் வேண்டியிருக்கும்" என்றார். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். தன் சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று திருப்பிக் காட்டினார்.