கரைக்கு மணல் கொட்டுமுன்

கடற்கரையில் மணல் நிரப்ப ஒரே ஒருமுறை நிதி ஒதுக்கினால் போதும் என்று உள்ளாட்சிகள் நினைப்பதுதான் பெரிய தவறு. அரிப்புக்கான காரணம் அப்படியே இருப்பதால் சில ஆண்டுகளில் மறுபடி கொட்டியே ஆகவேண்டும். அந்தத் தொகையையும் முதல் மதிப்பீட்டிலேயே சேருங்கள்.

அடுத்து மணலின் பருமன். 0.3 மி.மீ. மணல் உள்ள கரையில் 0.15 மி.மீ. நைஸ் மணலைக் கொட்டினால் அது தட்டையாகப் பரவி நீருக்குள் போய்விடும்; நடக்க மிஞ்சும் கரை குறுகிவிடும். உள்ளங்கையில் தேய்த்தாலே வித்தியாசம் தெரியும், ஆனாலும் மணலைச் சலித்துப் பருமன் அளக்கும் சல்லடைச் சோதனை இல்லாமல் டெண்டர் விடாதீர்கள்.

கடலடியிலிருந்து மணலை அள்ளிவரும் தூர்வாரும் கப்பலை வரவழைக்கவே பெருஞ்செலவு. பக்கத்து ஊர்களோடு ஒரே பருவத்தில் செய்தால் அந்தச் செலவு பங்காகும். பில்லைக் கப்பல் நடைக் கணக்கில் கொடுக்காமல், முன்னும் பின்னும் கரையை அளந்து, சேர்ந்த கன மீட்டருக்கே கொடுங்கள்.