ப்ராமிசஸ் கேட்டிருக்கீங்களா?

ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ்ங்கற பேர்ல எலக்ட்ரானிக் இசை பண்றவர், ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஃபேரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா சேர்ந்து 2021ல விட்ட ஆல்பம். 46 நிமிஷம், ஒன்பது பகுதின்னு போட்டிருப்பாங்க ஆனா ஒரே பாட்டுதான், நடுவுல நிறுத்திட்டு சாப்பிட்டு வந்து கேட்டா சுத்தமா ஒட்டாது.

எலக்ட்ரானிக், ஜாஸ், ஆர்க்கெஸ்ட்ரான்னதும் பெரிய ஆர்ப்பாட்டம்னு நெனச்சிடாதீங்க. ஏழே ஏழு ஸ்வரம், அதுதான் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கும், அதுக்கு மேல சாண்டர்ஸோட சாக்ஸபோன். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் கூட வாசிச்ச மனுஷன், ஆல்பம் வந்தப்ப 80 வயசு, அடுத்த வருஷமே போயிட்டாரு. அது தெரிஞ்சு கேக்குறதாலயோ என்னவோ ஒவ்வொரு மூச்சும் என்னமோ பண்ணுது.

குத்தாலத்துல எங்க தெருவுல நாயனம் வாசிக்கிற மாமா ஒருத்தர் இருக்காரு. ஐப்பசி அடமழை, கரண்டு இல்ல, திண்ணைல சும்மா உக்காந்திருந்தாரு, ஹெட்ஃபோனை மாட்டி விட்டேன். "என்னடா தம்பி, சொன்னதையே சொல்லிட்டிருக்கான்"னாரு. சாக்ஸபோன் வந்ததும் பேச்சே இல்ல. விரல் மட்டும் முழங்கால்ல துளை மூடித் திறந்துட்டு இருந்துச்சு. அப்புறமா, "அந்த ஏழு ஸ்வரம்தான்டா இவருக்கு ஒத்து, அதான் அவசரமே படல. காத்து வர்ற சத்தத்தக்கூட மறைக்கல பாரு"ன்னாரு. ஒத்துன்னா நாயனத்துக்குப் பின்னாடி ஒரே சுருதிய விடாம ஊதிட்டே இருக்கற குழல். இத்தன விமர்சனம் படிச்சேன், எனக்கு இது தோணவே இல்ல.

நாலாவது பகுதில சாண்டர்ஸ் சாக்ஸை வச்சிட்டு வாயாலயே ஏதோ முனகுவாரு, வார்த்தையே கிடையாது, எனக்கு ஆல்பத்துலயே அதுதான் உசிரு. ஆறாவதுல வயலின் எல்லாம் சேர்ந்து அலையா எழும்புறத எல்லாரும் கொண்டாடுறாங்க, எனக்கென்னமோ அது கொஞ்சம் சினிமாத்தனமா பட்டுச்சு. எட்டாவதுல ஆர்கன் அடங்கி அவ்ளோதான் முடிஞ்சிதுன்னு நினைக்கிறப்ப ஒன்பதாவதுல ஸ்ட்ரிங்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் வந்துட்டு போகும், அதுவரைக்கும் கழட்டாதீங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல தயவுசெஞ்சு வேண்டாம், பாதி சத்தம் கேக்கவே கேக்காது.

மாமாவுக்கு சாண்டர்ஸோடது இன்னும் வேணுமாம். 1969ல வந்த 'கர்மா' ஆல்பத்த போட்டேன், அதுல 32 நிமிஷப் பாட்டு ஒண்ணு, சாக்ஸ் அலறும். பாதியிலயே கழட்டிட்டு, "அதே ஆளுதானாடா இது?"ன்னு கேட்டாரு. எனக்கு அந்த அலறலும் புடிக்கும், அத தனியா எழுதுறேன்.