கோ 4 கரணை

பக்கத்துத் தோட்டத்து அக்கா இன்று காலையில் தீவனப் புல்லை அறுத்துப் போட்டுவிட்டு, முற்றின தண்டுகளை மட்டும் இரண்டு இரண்டு கணுவாக நறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி ஊருக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

கோ 4. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். விதை கட்டாது, இப்படிக் கணுவோடு நறுக்கின தண்டான கரணையைத்தான் நட வேண்டும், அதனால் கைமாறிக் கைமாறியே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தப் பல்கலைக்கழகம் 1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, அப்புறம் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமானது.

பல்கலைக்கழகத் தரவரிசையில் அதற்கு எத்தனையாவது இடம் என்று வருடா வருடம் பேசுகிறோம், சரி. சொசைட்டிக்கு இரண்டு வேளையும் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற வீடுகளில் இந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு பங்கு என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிற பணத்தை வீண் செலவு என்பவர்களிடம் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.