உரிமை என்ற ஒரே சொல்: மெம்ஃபிஸ் நாட்குறிப்பு

ஏப்ரல் 2

காலையிலேயே ஈஸ்ட் மெக்லெமோர் அவென்யூவுக்குப் போய்விட்டேன். ஸோல் இசைக்குப் பேர்போன ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் 1960 முதல் இயங்கிய பழைய திரையரங்கம் 1989இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில், அதே தோற்றத்தில் கட்டி 2003இல் திறந்த அருங்காட்சியகம்தான் இப்போது நிற்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தின் தரையைக்கூடப் பழையபடி சரிவாகவே அமைத்திருக்கிறார்கள்.

பகலில் வங்கியில் வேலை பார்த்த ஃபிடில் கலைஞர் ஜிம் ஸ்டூவர்ட்டும், ஒலிப்பதிவுக் கருவி வாங்குவதற்காகத் தம் வீட்டை அடமானம் வைத்த அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும்தான் ஸ்டாக்ஸின் உரிமையாளர்கள்; இருவரும் வெள்ளையர்கள். வாசலில் இருந்த இசைத்தட்டுக் கடைக்குப் பாட்டுக் கேட்க வந்த கறுப்பின இளைஞர்களில் சிலர், அப்படியே கூடத்துக்குள் போய்க் கலைஞர்களானார்கள். இனப்பிரிவினை ஊறிய நகரத்தில் கறுப்பினத்தவரான புக்கர் டி. ஜோன்ஸும் வெள்ளையரான ஸ்டீவ் க்ராப்பரும் ஒரே குழுவில் வாசித்தார்கள்.

ஏப்ரல் 3

இன்று மழை. அறையிலேயே இருந்து, ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்த அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துடனான 1965ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கதையைப் படித்தேன். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்த விநியோக ஏற்பாட்டை எழுத்தில் கொண்டுவந்தபோது, ஸ்டூவர்ட் அதை முழுமையாகப் படிக்காமலே கையெழுத்திட்டார். வங்கியில் வேலை பார்த்தவர் இப்படிச் செய்தார் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அட்லாண்டிக் 1967இல் கைமாறிய பிறகுதான், அது விநியோகித்த ஸ்டாக்ஸ் பாடல்களின் மூலப்பதிவுகள் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று எழுதியிருப்பது தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 10இல் ஸ்டாக்ஸின் நட்சத்திரப் பாடகர் ஓடிஸ் ரெட்டிங் விமான விபத்தில் இறந்தார். அவருடன் பார்-கேஸ் இசைக்குழுவின் நால்வரும் மாண்டார்கள்.

ஏப்ரல் 4

லொரெய்ன் மோட்டலின் மாடி முகப்பில், 306ஆம் அறை வாசலில், மலர்வளையம் தொங்குகிறது. ஸ்டாக்ஸ் கலைஞர்கள், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தங்கிப் பாட்டெழுதிய இடம் இது. இங்கே 1968இல் இதே நாளில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். குப்பை லாரியின் அழுத்தும் பொறியில் சிக்கி இரு தொழிலாளர்கள் இறந்ததையடுத்து, ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கவே அவர் வந்திருந்தார். அதற்குப் பிறகு ஓராண்டு வரை தம்மால் எதையும் படைக்க இயலவில்லை என்று ஸ்டாக்ஸின் பாடலாசிரியரும் பாடகருமான ஐசக் ஹேய்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார்.

கிங் கொலையால் கூடத்துக்குள் இருந்த ஒட்டுறவு முறிந்தது என்று எழுதுவார்கள், அது உண்மைதான். ஆனால் பதிவுகளை இழந்ததை வெறும் வணிகக் கணக்காகத் தனியே ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. மக்கள் கேட்கும் உரிமை, பதிவுகள் மீதான உடைமை, தமிழில் இரண்டுக்கும் உரிமை என்ற ஒரே சொல்தானே இருக்கிறது! கிங்கின் இயக்கத்தில் பணியாற்றிவிட்டு வந்து ஸ்டாக்ஸின் நிர்வாகியான அல் பெல்லும், கறுப்பின மக்களுக்குப் பொருளாதார வலிமை வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர்.

ஏப்ரல் 6

கையில் பழைய பதிவுகள் இல்லாத நிறுவனத்துக்காக, அல் பெல் 1969இல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை வெளியிட்டார். லாஸ் ஏஞ்சலிஸின் கறுப்பினப் பகுதியான வாட்ஸில் 1965இல் வெடித்த கலவரத்தின் ஏழாம் ஆண்டு நினைவாக 1972 ஆகஸ்ட் 20இல் அந்நகரில் ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் இசை நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு ஒரு டாலர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். ஆனால் அதே ஆண்டில் சி.பி.எஸ். என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துடன் செய்துகொண்ட விநியோக ஒப்பந்தம் கழுத்தை இறுக்கியது. கறுப்பினப் பகுதிகளின் சிறு கடைகளுக்குத் தட்டுகள் போய்ச் சேரவில்லை. கடன் கொடுத்த யூனியன் பிளாண்டர்ஸ் வங்கி நெருக்க, 1975 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. வங்கி மோசடி வழக்கில் அல் பெல் 1976இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். வங்கியின் வசம் போன திரையரங்கக் கட்டடமோ, கடைசியில் ஒரு தேவாலயத்துக்குப் பத்து டாலருக்கு விற்கப்பட்டது.