ஒரே புத்தகத்தில் மூன்று சூசை: தாத்தாவின் சான்றிதழைத் தேடிப்போன கதை

எங்கள் வீட்டு மனைப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருந்தது. அப்பா இருந்தவரை யாரும் அதைக் கிளறவில்லை. அவர் காலமான பிறகு பெயர் மாற்றக் கேட்டால், "பட்டாதாரர் இறப்புச் சான்று கொண்டு வாங்க" என்றார்கள். தாத்தா செத்தது 1958 வாக்கில். வீட்டில் அதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. குலம் கோத்திரம் தேடும் ஆசையில் நான் இதில் இறங்கவில்லை. இறங்கியது பட்டாவுக்காக.

எங்கள் ஊர் ராமேசுவரம் தீவில், பாம்பன் பக்கம். கடல் தொழில், கத்தோலிக்கக் குடும்பம். கடைசியில் கைகொடுத்தது, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் எழுதி வைக்கும் கோயில் புத்தகம்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் சர்க்கார் வழியைச் சொல்லிவிடுகிறேன். இப்போது கிராமத்தில் பிறப்பு இறப்பைப் பதிவது வி.ஏ.ஓ. 1980இல் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை ஒழிக்கும் வரை அதைச் செய்தவர் மணியம், அதாவது கிராம முன்சீப். 1899ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டப்படி அவர் எழுதிய கணக்கு அது. பழைய புத்தகங்கள் வி.ஏ.ஓ.விடம் இருக்காது, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். தேடுவது ஆள் பெயரை வைத்து அல்ல, வருவாய்க் கிராமத்தையும் வருஷத்தையும் வைத்து. ஆகவே வருஷம் தெரியாமல் போனால் வேலைக்கு ஆகாது. இன்னொன்று, சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஆள் எந்த ஊர்க்காரர் என்பது அங்கே கணக்கில்லை. தங்கச்சிமடத்துக்காரர் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் தீவில் தேடிப் பலனில்லை.

பிறப்புப் பதிவை வைத்து முன்னோரைப் பிடிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் பழைய பதிவுகளில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது. 'ஆண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ராமநாதபுரம் தனி மாவட்டமானதே 1910இல்தான். அதற்கு முன் இந்தப் பக்கம் மதுரை ஜில்லா என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 'பதிவு காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

வருஷத்தைக் குறுக்குவதற்கு நான் அத்தையிடம் போனேன். எங்கள் தீவில் எண்பது வயதுக்காரர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். 'புயலுக்கு முந்தி', 'புயலுக்கு அப்புறம்' என்பார்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல்தான் அது. அவர்களுடைய அப்பா அம்மா காலத்துக் கதை என்றால் 'பாலம் திறந்த வருஷம்', அதாவது பாம்பன் ரயில் பாலம், 1914. தாத்தா பிறந்தது பாலம் திறந்து ரெண்டு மூணு வருஷத்தில், செத்தது புயலுக்கு ஆறேழு வருஷம் முந்தி, கிறிஸ்துமஸ் கழிந்து என்று அத்தை சொன்னார். தேடுவதற்கு இது தாராளம்.

பங்குச் சாமியார், அதாவது எங்கள் கோயில் பாதிரியார், அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் கையில் தரமாட்டார். அதுதான் நியாயம். யாருடைய பிள்ளைக்குத் தகப்பன் பெயர் இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பட்டா விஷயத்தைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பூசைக்குப் பிறகு உபதேசியாரை (சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்ப்பவர்) பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்க அனுமதித்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று வகைப் புத்தகங்கள். அடக்கப் புத்தகத்தில் தாத்தா சீக்கிரமே அகப்பட்டார். பெயர், வயது, மனைவி பெயர், அவஸ்தைப்பூசுதல் (சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசுவது) பெற்றாரா, எந்தக் கல்லறையில் அடக்கம், எல்லாம் இரண்டே வரியில். பட்டா வேலைக்கு அது போதும். நான்தான் எழுந்திருக்கவில்லை. அந்த வரியில் தகப்பன் பெயரும் இருந்ததால் ஞானஸ்நானப் புத்தகத்தையும் பார்த்துவிடலாமே என்று தோன்றிவிட்டது.

அந்தக் காலத்துப் பதிவெல்லாம் லத்தீன். உப்புக்காற்றில் தாள் பழுப்பேறி, மை பட்ட இடமெல்லாம் அரித்து, சில எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. மொழிக்குப் பயப்பட வேண்டாம், எல்லாப் பதிவும் ஒரே அச்சு. பெயர்கள்தான் ஆளைச் சுற்றவிடும். வீட்டில் கூப்பிட்ட பெயர் அங்கே இருக்காது. சூசை என்றால் யோசேபுஸ், சந்தியாகு யாக்கோபுஸ், இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், முடியப்பன் ஸ்தெபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். இந்தப் பட்டியலை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் தாத்தா சூசை, அவர் அப்பா சந்தியாகு. 1915இலிருந்து 1918 வரை பார்த்ததில் 'யாக்கோபுஸ் மகன் யோசேபுஸ்' மூன்று பேர். கடற்கரை ஊரில் இது ஆச்சரியமே இல்லை. பத்துப் புனிதர் பெயரை வைத்துக்கொண்டு ஊரே தலைமுறை தலைமுறையாகச் சுற்றுகிறது. ஆகவே நான் கண்டுகொண்டது இதுதான்: பெயரை வைத்து ஆளைத் தேடாதீர்கள், அந்த ஆளைச் சுற்றி நின்றவர்களை வைத்துத் தேடுங்கள்.

மூவரில் ஒருவன் பிறந்த சில மாதங்களில் இறந்ததை அடக்கப் புத்தகம் காட்டியது. இரண்டாமவனுக்கு ஓரத்தில் குறிப்பு இருந்தது. 1908 முதல் ஒருவர் எங்கே யாரைக் கட்டினாலும் அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபை விதி. அதில் இருந்தது வேறொரு பெண் பெயர், எங்கள் அப்பத்தா இல்லை. மூன்றாவது பதிவின் ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஆனால் ஞானத்தாய், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பாக நின்றவர், பெயர் பிழைத்திருந்தது: மிக்கேலம்மாள்.

அத்தைக்கு போன் போட்டேன்.

"மிக்கேலம்மாவா? எங்க அம்மாவைப் பெத்தவடா அவ! அப்பாவுக்கு ஞானத்தாயும் அவதான், மாமியாரும் அவதான்."

அப்பத்தா மண்டபத்துக்கு அப்பால் உள்ள ஒரு கரையோரப் பங்கைச் சேர்ந்தவர். கல்யாணம் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும் என்பதால் அடுத்து அங்கே போனேன். 1939ஆம் வருஷத் திருமணப் பதிவில் மூன்று முறை ஓலை வாசித்தது (கல்யாணத்துக்கு முன் கோயிலில் செய்யும் அறிவிப்பு), சாட்சிகள், இரு பக்கத்துப் பெற்றோர் எல்லாம் இருந்தன. அதற்குக் கீழே ஒரு வரி: இரண்டாம் படி இரத்த உறவுக்கு ஆயரின் டிஸ்பென்சேஷன், அதாவது விலக்கு.

மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நமக்கு உரிமை, திருச்சபைக்குத் தடை. அதனால் ஒவ்வொரு முறையும் விலக்கு வாங்கி, என்ன உறவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வம்சம் தேடுபவனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டக் கணக்கில் இரண்டாம் படி என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது. (1983 சட்டத்தில் கணக்கிடும் முறை மாறிவிட்டது. அதே உறவு இப்போது நான்காம் படி. பழைய பதிவைப் புதுக் கணக்கில் படித்தால் ஒரு தலைமுறை இடறும்.)

எந்த வழியில் பொது என்று பதிவு சொல்லாது. அங்கே நம்ம வழக்கம் உதவும். சித்தப்பா மகள், சின்னம்மா மகள் நமக்குத் தங்கச்சி முறை, கட்ட மாட்டோம். ஆக, ஒன்று தாத்தாவின் அப்பாவும் அப்பத்தாவின் அம்மாவும் உடன்பிறப்பு, இல்லையென்றால் தாத்தாவின் அம்மாவும் அப்பத்தாவின் அப்பாவும். தாத்தாவின் அம்மா இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர் என்று தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவிலேயே இருந்தது. அப்பத்தாவின் அப்பாவோ மண்டபத்துக்கு அப்பால் உள்ள கரைக்காரர். ஆக, சந்தியாகுவும் மிக்கேலம்மாளும்தான் அண்ணன் தங்கை. மிக்கேலம்மாள் கல்யாணம் நடந்தது எங்கள் தீவுப் பங்கில். அந்தப் பதிவில் அவள் தகப்பன் பேத்ருஸ், அதாவது இராயப்பன். 1888இல் பார்த்தால் அதே பேத்ருஸுக்கும் அதே தாய்க்கும் பிறந்த யாக்கோபுஸ் உட்கார்ந்திருந்தார். இராயப்பன் என்று ஒருவர் இருந்ததே எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் தெரியாது.

அதற்கு மேல் போக முடியவில்லை. சவேரியார் 1542இல் வந்தார் என்பதற்காக அந்தக் காலத்துப் புத்தகம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷன் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதுரவாதோ உரிமையில் (போர்ச்சுகல் அரசருக்குப் போப் கொடுத்த திருச்சபை அதிகாரம்) வந்த கோவாக் குருக்கள் ஒரு பக்கம், 1838இல் திரும்பி வந்த சேசு சபைக் குருக்கள் இன்னொரு பக்கம். எந்தப் பக்கம் ஞானஸ்நானம் கொடுத்ததோ அந்தப் பக்கப் புத்தகத்தில்தான் பெயர். சிவகங்கை மறைமாவட்டம் உருவானது 1987இல். அதற்கு முன் மதுரை, 1938க்கு முன் திருச்சி. சேசு சபையின் பழைய ஆவணங்கள் கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் இருக்கின்றன.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் அங்குள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகள் இருப்பதாகச் சொல்லி ஆர்வமாகத் தேடினான். அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரரும் அவர்கள் வழி வந்தவர்களும். சங்கு குளித்தவனை அவர்கள் ஏன் எழுதப்போகிறார்கள்!

பட்டா கதை: அடக்கப் பதிவின் சான்று, சார்பதிவாளர் கொடுத்த 'காணப்படவில்லை' சான்று, இரண்டையும் வைத்துக் கோட்டாட்சியரிடம் காலதாமத இறப்புப் பதிவுக்கு மனுக் கொடுத்தோம். ஓராண்டுக்கு மேல் போனால் அவர் உத்தரவு இல்லாமல் பதிய மாட்டார்கள். விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார், ஊர்ப் பெரியவர் இருவர் சாட்சி சொன்னார்கள், உத்தரவு வந்தது. பட்டா இப்போது எங்கள் பெயரில்.

மிச்சம் இருப்பது சந்தியாகுவின் மன்னார்ப் பெண்டாட்டி. அவர்கள் கல்யாணப் பதிவு தீவில் இல்லை, மன்னாரில் நடந்திருக்க வேண்டும். மன்னார் தனி மறைமாவட்டமானது 1981இல். அந்தக் காலத்தில் அது யாழ்ப்பாணத்தின் கீழ். இரண்டு இடத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். சந்தியாகு பெயரோடு இராயப்பன் பெயரையும் மிக்கேலம்மாள் பெயரையும் சேர்த்தே எழுதினேன்.