வராண்டாவை ஏசிக்கு வெளியே விடுங்கள்

பல்கலைக்கழகக் கட்டடம் என்றால் கரண்ட் பில் குறைய வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேசுவார்கள். துறைகள் கலந்து பழக வேண்டும் என்று இன்னொரு கூட்டத்தில் பேசுவார்கள். சென்னையில் இரண்டுக்கும் ஒரே விடைதான்: திறந்த வராண்டா. இரண்டு பக்கமும் அறை, நடுவே இருட்டு நடை என்று கட்டினால் பகலிலும் டியூப்லைட் எரியும், அந்த நடையையும் குளிரூட்டச் சொல்வார்கள். அப்படியும் அங்கே நின்று யாரும் பேசப்போவதில்லை.

கட்டடத்தின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வராண்டா தெற்கே. டிசம்பர் 21 நண்பகலில் சென்னைச் சூரியன் தெற்கே ஏறக்குறைய 53 டிகிரி உயரத்தில் நிற்கும். 3 மீட்டர் அகல வராண்டா அப்போதும் 4 மீட்டர் கீழே வரை நிழல் தரும். தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர் என்றால் நண்பகலில் வகுப்பறைச் சுவரில் வெயிலே படாது. கோடைப் பிற்பகலில் கடற்காற்று வருவதும் தென்கிழக்கிலிருந்து. வடகிழக்குப் பருவமழைச் சாரல் மறுபக்கம் அடிக்கும். வடக்கு ஜன்னல்களுக்கு நல்ல சன்ஷேட் கொடுத்துவிட வேண்டும்.

கண்ணாடிக் கூரை போட்ட ஏட்ரியம் (பல தள உயர நடுக்கூடம்) கேட்காத நிர்வாகம் குறைவு. இங்கிலாந்தின் லெஸ்டரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் குவீன்ஸ் கட்டடத்தை (1993) உதாரணம் காட்டுவார்கள். உயரமான புகைபோக்கிகள் வழியாகச் சூடான காற்று தானே மேலேறி வெளியேறும் கட்டடம் அது. அங்கே உள்ளே கதகதப்பு, வெளியே குளிர். 10 மீட்டர் உயரத்துக்கு 10 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் சுமார் 4 பாஸ்கல் அழுத்தம் உருவாகும். சென்னை மே மாதத்தில் வெளியே உள்ளேயைவிடச் சூடு. 2 டிகிரி சாதகமாக இருந்தாலும் 1 பாஸ்கல்கூடத் தேறாது. ஆக, சூடு வெளியேறாமல் கூரையடியில் தேங்கி மேல்தளம் அடுப்பாகிவிடும்.

பேச்சுக்கு வருவோம். தூரம் கூடக்கூட இருவர் வேலை விஷயம் பேசுவது சரசரவென்று குறைகிறது, 50 மீட்டருக்கு அப்பால் அநேகமாக நின்றே போகிறது என்று அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த தாமஸ் ஆலன் 1970களில் காட்டினார். 90 மீட்டர் நீளத்துக்கு ஒரே கோடாக இழுத்த கட்டடத்தில் இரு முனைகளும் இரண்டு ஊர்கள்தான். முற்றத்தைச் சுற்றி மடக்குங்கள். மாடி ஏறுவதும் தூரம்தான்; வாசலில் நுழைந்ததும் கண்ணில் படவேண்டியது படிக்கட்டு, லிஃப்ட் அதற்குப் பின்னால். படி 2 மீட்டர் அகலம், ஏற்றம் 15 செ.மீ., மிதி 30 செ.மீ. இருந்தால் இரண்டு பேர் பேசிக்கொண்டே ஏறலாம், எதிரே வருபவர் இடிக்காமல் போகலாம்.

3 மீட்டர் வராண்டாவில் 2 மீட்டர் நடக்க. மீதியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி 45 செ.மீ. உயரத் திண்ணை, பக்கத்தில் பிளக் பாயிண்ட், எதிர்ச்சுவரில் எழுத ஒரு போர்டு. திண்ணையும் டீ கவுண்டரும் வகுப்பறை வாசலுக்கு நேரே வேண்டாம், சத்தம் தாங்காது. படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்தால் எல்லாத் துறைக்காரர்களும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். வராண்டாத் தரை அறைத் தரையைவிட 12 மி.மீ. தாழ்வாக, வெளிப்பக்கம் 100க்கு 1 சரிவோடு இருக்கட்டும். வழவழ டைல்ஸ் போட்டால் முதல் மழையிலேயே யாராவது வழுக்கி விழுவார்கள்.

கோளாறு வரும் இடம் கதவு. 60 பேர் உட்கார்ந்தாலே உடல் சூடு மட்டும் 6 கிலோவாட்டைத் தாண்டும், ஏறக்குறைய 2 டன் ஏசி அதற்கே போய்விடும். இதில் கதவும் திறந்தே கிடந்தால்? சென்னைக் காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பல மாதங்களில் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏசியை 20ல் வைத்தால் அலுமினியச் சட்டத்தின் வெளிப்பக்கம் வியர்த்துச் சொட்டும், கீழே பூசணம் கறுப்பாகப் படரும். ஏசியை 27ல் நிறுத்தி 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) ஓடவிட்டால் வசதி குறையாது, சட்டம் வியர்ப்பதும் நிற்கும். கதவுக்கு டோர் குளோசர் கட்டாயம். அதோடு கதவில் கண்ணாடிப் பட்டை வையுங்கள், உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கக் கதவைத் திறக்க வேண்டியிருக்காது.

புறா வலையையும் முதல் எஸ்டிமேட்டிலேயே போட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் இரண்டு வருடத்தில் புறா எச்சத்தைக் காரணம் காட்டி வராண்டாவை அலுமினிய ஸ்லைடிங் வைத்து அடைப்பார்கள். அதற்கு அடுத்த வருடம் அங்கே ஏசி மாட்ட டெண்டர் வரும்.