கிரேடியஸ் நாட்குறிப்பு: காப்ஸ்யூல் கணக்கு

ஆகஸ்ட் 2

கோனாமி 1985-ல் ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்குக் கொண்டுவந்த விண்கப்பல் சுடும் ஆட்டமான கிரேடியஸ், அடுத்த ஆண்டே நின்டெண்டோவின் வீட்டுக் கன்சோல்களான ஃபேமிகாமுக்கும் (ஜப்பான்) நெஸ்ஸுக்கும் (வெளிநாடுகள்) வந்துவிட்டது. இந்தக் குறிப்புகள் நெஸ் பதிப்பைப் பற்றியவை.

முதல் வேலை டிவி. புதிய தட்டை டிவியில் கேம் மோட் (படத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாமல் ஆட வேண்டாம். ஒரு ஃபிரேம் என்பது 1/60 நொடி. படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி நாலைந்து ஃபிரேம் தாமதித்தாலே, குகைச் சுவருக்கும் கப்பலுக்கும் நடுவே திரும்ப நேரம் இருக்காது. பழைய குழாய் டிவி கிடைத்தால் அதுதான் உத்தமம்.

ஆகஸ்ட் 3

படம் சிதறினாலோ திரை விட்டுவிட்டு மின்னினாலோ கன்சோல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் காட்ரிட்ஜின் (கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டி) செப்புப் பற்களில் படிந்த அழுக்குதான் காரணம். பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் (90 சதவீதத்துக்கு மேல்) தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகவும். வாயால் ஊதக் கூடாது; எச்சில் ஈரம் பற்களை அரிக்கும்.

ஆகஸ்ட் 5

இந்த ஆட்டத்தின் உயிரே திரையின் அடியில் இருக்கும் பட்டைதான். வரிசை: வேகம், ஏவுகணை, டபுள் (நேராகவும் மேல்நோக்கிச் சாய்வாகவும் சுடுவது), லேசர், ஆப்ஷன் (கப்பலோடு சேர்ந்து சுடும் ஒளிக்கோளம்), கடைசியாகக் கேள்விக்குறி, அதாவது கவசம். வீழ்த்திய எதிரிகள் விட்டுச்செல்லும் சிவப்புக் காப்ஸ்யூல் ஒன்று எடுத்தால் விளக்கு ஒரு கட்டம் நகரும். வேண்டிய கட்டத்தில் பவர்அப் பொத்தானை அழுத்தினால் ஆயுதம் கிடைக்கும். பட்டை மறுபடி பூஜ்யத்துக்கு வரும். ஆறாவதையும் தாண்டவிட்டால் விளக்கு முதல் கட்டத்துக்கே சுற்றி வந்துவிடும், சேர்த்ததெல்லாம் வீண். நீலக் காப்ஸ்யூல் பட்டையை நகர்த்தாது, திரையிலுள்ள சின்ன எதிரிகளை அழிக்கும்.

கணக்குப் போடுவோம். வேகம் இரண்டு முறை (1+1), ஏவுகணை (2), லேசர் (4), ஆப்ஷன் இரண்டு (5+5), கவசம் (6). மொத்தம் 24 காப்ஸ்யூல். டபுளும் லேசரும் சேர்ந்து இருக்காது. ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். மூன்றாவது வேகம் வேண்டாம். கப்பல் கைக்கு அடங்காமல் சுவரில் போய் முட்டும்.

ஆகஸ்ட் 6

ஆர்கேடில் நான்கு ஆப்ஷன், நெஸ்ஸில் இரண்டே. ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு (நகரும் சிறு உருவத்துண்டு) மேல் இந்த வன்பொருளால் காட்ட முடியாது. கூட்டம் சேரும்போது உருவங்கள் மினுங்குவதும் அதனால்தான். அந்த நேரத்தில் ஒரு குண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எனவே நெரிசலுக்குள் நுழையாதீர்கள்.

ஆப்ஷன்கள் கப்பல் வந்த வழியிலேயே பின்தொடரும். கப்பல் நின்றால் அவையும் நிற்கும். மேலிருந்து கீழே நேராக இறங்கி நிறுத்தினால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, குண்டுகள் மூன்று வரிசையில் பறக்கும். முதல் கட்டத்து எரிமலைகள் கல் கக்கும்போது இடது ஓரத்தில் இப்படி நின்று சுட்டால் பெரும்பாலான கற்கள் வந்துசேரும் முன்பே உடைந்துவிடும்.

ஆகஸ்ட் 9

பிக் கோர், கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரிக் கப்பல். நடுவே நீலக் கரு, அதன் முன்னால் தடுப்புகள். ஒவ்வொன்றாக உடைத்தால்தான் கருவைத் தொட முடியும். சாதாரணக் குண்டு திரையில் ஒரே நேரத்தில் சிலதான் இருக்க முடியும். முந்தையது மறைந்த பிறகே அடுத்தது கிளம்பும். ஆகவே கிட்டப் போனால் குண்டு வேகமாக விழும். தூரத்தில் நின்று பொத்தானை எவ்வளவு தட்டினாலும் பலனில்லை.

மோவாய் எனும் ஈஸ்டர் தீவு முகச் சிலைகளுக்கு வாய் திறந்திருக்கும்போது வாயில்தான் அடிக்க வேண்டும். அவை கக்கும் வளையங்களைச் சுட்டு உடைக்கலாம். கவசம் முன்பக்கத்தை மட்டுமே காக்கும். மேலிருந்து வருவதற்கு அது பதில் அல்ல.

ஆகஸ்ட் 12

செத்தால் எல்லா ஆயுதமும் போகும். ஆமை வேகக் கப்பலோடு பாதி வழியில் நிறுத்திவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் உண்மையான திறமை இங்கேதான் தெரியும். முதல் காப்ஸ்யூல் யோசிக்காமல் வேகத்துக்கு. அடுத்த இரண்டு ஏவுகணைக்கு. அது தரையோடு ஊர்ந்து துப்பாக்கி மேடைகளைக் கவனித்துக்கொள்ளும். அதன் பிறகு பொறுமை இருந்தால் ஆப்ஷன். அணியாக வரும் எதிரிகளில் ஒன்றைத் தப்பவிட்டாலும் காப்ஸ்யூல் வராது என்பதால் முழு அணியையும் முடிக்கவும்.

ஆட்டத்தை நிறுத்தி மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ அடித்தால் பெரும்பாலான ஆயுதங்கள் ஒரேயடியாகக் கிடைக்கும். சோதிக்கும்போது ஆட்டம் கடினமாக இருந்ததால், அதை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றிய கோனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ தமக்காக வைத்துக்கொண்ட வழி இது. பின்கட்டங்களின் வரைபடத்தை மனப்பாடம் செய்ய இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். செத்த இடத்திலிருந்து மீண்டு வருவதைப் பழகும் நாட்களில் மட்டும் தொட வேண்டாம்.